பனி தாங்காத தொட்டி

நாவல் மரத்தை வெட்டிய மூன்றாம் நாள் காலை, சட்னிக்குக் கொத்தமல்லி கிள்ளலாம் என்று பின்கதவைத் திறந்தேன். என் கொத்தமல்லித் தொட்டியில் அந்த மரம் நின்றுகொண்டிருந்தது. ஒரு சாண் உயரம். கொத்தமல்லியைக் காணோம்.

அதே மரம்தானா என்று சந்தேகப்பட ஒன்றுமில்லை. கிழக்குப் பக்கம் இடி விழுந்து கருகின வடு இருந்தது, பிள்ளைகள் ஊஞ்சல் கட்டின கயிறு தையல்நூல் பருமனில் தொங்கியது, அடிமரத்தில் ஆணியடித்த பஸ் ஸ்டாப் தகரம் என் சுண்டுவிரல் நகமளவுக்கும் அதற்குக் கீழே தபால் பெட்டி துவரம்பருப்பளவுக்கும் சுருங்கியிருந்தன, மேல்கவட்டில் கடுகளவு தேன்கூடு, காதைக் கிட்டே கொண்டுபோனால் கொசு தூக்கத்தில் முனகுகிற மாதிரி ஓர் இரைச்சல். என் வீட்டுக்காரர் மோகன்ராஜ், கேரட் லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், வாயில் பிரஷ்ஷோடு வந்து குனிந்து பார்த்தார்.

"தண்ணி ஊத்தினியா?"

"இன்னும் இல்லைங்க."

"ஊத்து. மூணு நாளா வேர் காஞ்சு கிடக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

எங்கள் ஊசிக்குழி, நீலகிரியில் நாலு மலைக்கு நடுவே கிண்ணத்தின் அடி மாதிரி கிடக்கிற ஊர். மேட்டில் இருக்கிறவர்களுக்கு மேகம், குழியில் இருக்கிறவர்களுக்கு உறைபனி என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டுச் சாமி கீழ்நாட்டுப் பக்கம் இறங்கிப் போய்விட்டது என்பார்கள். போகும்போது, பாவம் என்று நினைத்ததோ என்னவோ, குழிக்குள்ளேயே ரோட்டு வளைவில் இருக்கிற சின்ன மேட்டில் ஒரு நாவல் மரத்தையும் அதன் வேருக்கடியில் ஓர் ஊற்றையும் விட்டுப் போனது. குடிக்க அந்தத் தண்ணீர், கேரட் கழுவ அந்தத் தண்ணீர், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அந்தத் தண்ணீர். பிள்ளைக்குத் தொப்புள்கொடி விழுந்ததும் அதை மஞ்சள் துணியில் முடிந்து அந்த வேரடியில் புதைப்போம், கிளையில் ஒரு சிவப்பு நூல் கட்டுவோம், ஊற்றுத் தண்ணீரைத் தொட்டுப் பிள்ளையின் உதட்டில் வைப்போம். அப்புறம் அது எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் அதைக் கைவிடாது. என் மகள் தர்ஷினியுடைய முடிச்சு தெற்கு வேரில் இருந்தது. என்னுடையது அதற்கு அரை முழம் தள்ளி.

அந்த மேட்டை வாங்கியவர் கோகுல்நாத். பனிமாளிகை என்று ரிசார்ட் கட்டியவர். இந்த மனுஷன் விற்பது அறையும் சாப்பாடும் என்று நினைக்கக்கூடாது. அவர் விற்பது உறைபனி. தை மாதக் காலையில் கீழ்நாட்டு ஜனங்கள் குல்லாயும் கம்பளியுமாக வந்து, அவருடைய புல்வெளி உப்பு கொட்டினது மாதிரி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து, தொட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். பனி தடிமனாக விழட்டும் என்று சாயங்காலமே புல்லுக்குத் தண்ணீர் தெளிக்க இரண்டு ஆள் வைத்திருந்தார். எல்லாம் சரியாக நடந்தது, ஒன்றைத் தவிர. மரத்தடியில் பனி விழாது. வெள்ளைப் புல்வெளிக்கு நடுவே நாவல் மரத்தடி மட்டும் பச்சையாக, வட்டமாக, துவைத்த வேட்டியில் சாம்பார் சிந்தின மாதிரி கிடந்தது. அதனால் வெட்டினார். அவ்வளவுதான் காரணம்.

ஆம்பளைகள் கேரட் காட்டில் வேலையாக இருந்த செவ்வாய்க்கிழமை பகலில் பொக்லைன் வந்தது. வேர் எழும்பினபோது கூடவே மஞ்சள் முடிச்சுகளும் எழும்பின, சில வெளுத்து, சில மக்கி, சில நேற்றுப் புதைத்தது போலப் பளிச்சென்று. ஊரின் பிள்ளைகள் எல்லாம் மண்ணோடு மண்ணாக லாரிக்குள் கொட்டப்பட்டார்கள். நான் பள்ளத்தில் இறங்கிக் கையால் கிளறினேன். தர்ஷினியின் முடிச்சு கிடைக்கவில்லை. கோகுல்நாத் வெள்ளை ஷூவோடு கரையில் நின்றார். கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை, தங்கமாகத்தான் பேசினார்.

"இங்க பாரும்மா, மரம்தானே? ஆசையா இருந்தா தொட்டியில ஒண்ணு வச்சு வளத்துக்க" என்று சிரித்து, தர்ஷினியின் கையில் ஒரு மிட்டாயையும் வைத்தார்.

நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வந்தால் சிரிப்புத்தான் வரும். அதற்காகவே பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் அடி வாங்கியிருக்கிறேன், ஆனால் மாறவில்லை. அன்று சாயங்காலம் ஊற்று நின்றது. மறுநாளிலிருந்து ஊர்ப் பெண்கள் எல்லாரும் இரண்டு வளைவு கீழே பம்ப்ஹவுசுக்குக் குடத்தோடு நடந்தோம். ஏறி வரும்போது ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு சிரிப்பு சிரித்து வைத்தேன், மறந்துவிடக்கூடாது என்று.

அப்புறம்தான் மரம் என் வீட்டுக்கு வந்தது. வந்தால் வந்ததுதான், ஊருக்கு அதை வைத்துப் பிழைக்கத் தெரியும். முதலில் வந்தது ஏழரை மணி பஸ். மரம் இருக்கிற இடத்தில்தானே ஸ்டாப் என்று டிரைவர் என் வீட்டு முன்னால் நிறுத்தினார், திரும்ப இடம் பற்றவில்லை என்று என் கோழிக்கூண்டை நகர்த்தச் சொன்னார். தபால்காரர் துவரம்பருப்புப் பெட்டியைக் குண்டூசியால் திறந்து பார்த்து, கடிதம் ஒன்றும் இல்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். மரத்தடியில் படுத்துத் தூங்குகிற வழக்கமுள்ள குடிகார மாதப்பன் தொட்டிக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படுத்து, முந்தியை விடக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றான். பஞ்சாயத்து என் பின்கட்டில் கூடியது. எல்லாரும் குந்தி உட்கார்ந்து, தலையைத் தாழ்த்தி, மரத்தின் உயரத்துக்குக் குரலைக் குறைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள், அப்படிச் சண்டை போட்டதில் மூன்று பழைய தகராறு தீர்ந்துபோனது. புதுசாகப் பிள்ளை பெற்றவள் நூலில் ஒரு இழையைப் பிரித்து, அதையும் நாலாகப் பிரித்து, மூச்சை அடக்கிக் கிளையில் கட்டினாள். தர்ஷினி தினமும் ஒரு எறும்பைப் பிடித்து ஊஞ்சலில் உட்கார வைத்து ஆட்டினாள்.

ஊற்று மட்டும் வரவில்லை. சாண் மரத்துக்கு எந்த ஊற்று வரும்? தொட்டியின் அடித்துளையில் காலையில் ஒரு சொட்டு ஈரம் இருக்கும். அதைத் தொட்டு ஆளுக்கொரு தரம் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பம்ப்ஹவுசுக்கு நடப்போம்.

கார்த்திகையில் முதல் பனி விழுந்தது. மெல்லிசான பனி, புல் நுனியில் மட்டும். அன்று விடிந்து நான் அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தபோது பின்கட்டில் 'பட்' என்று சத்தம். அடுத்த மூச்சில் ஜன்னல் கம்பிக்குள் ஒரு கிளை நுழைந்து வந்து இட்லிப் பானையின் மூடியைத் தள்ளிவிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் என் செங்கல் நிறத் தொட்டியில் நெட்டுக்கு ஒரு விரிசல், ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்ந்திருக்கிறது. சாண் உயர மரம் இடுப்பளவுக்கு நிற்கிறது. விரிசல் வழியாக ஒரு வேர் வெளியே வந்து என் வீட்டு அஸ்திவாரக் கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது, வாங்கலாமா வேண்டாமா என்று மாட்டைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. நான் கொடிக்கம்பியை அவிழ்த்துத் தொட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். வேர் உள்ளே போனது. மரம் திரும்பவும் சாணாகக் குறுகியது, ஜன்னலில் இரண்டு இலையை விட்டுவிட்டு.

அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. மரம் சின்னதாகவில்லை, தொட்டி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தொட்டி உடைந்தால் மரம் எழும்பும், எந்த இடத்தில் உடைகிறதோ அந்த இடத்தில். அது என் வீடாக இருந்தால் என் வீட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு எழும்பும்.

"உள்ள எடுத்து அடுப்புப் பக்கத்துல வையேன் புள்ள" என்றாள் ருக்குமணி அக்கா. டீக்கடை வைத்திருக்கிறவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். வைத்துப் பார்த்தோம். இரண்டே நாளில் இலை கொட்டத் தொடங்கியது. குளிரில் வளர்ந்த மரத்துக்கு வானம் வேண்டும், பனியும் வேண்டும். ஆகவே மரம் வெளியேதான் நிற்கும், தொட்டிதான் பனியைத் தாங்க வேண்டும்.

தொட்டி விஷயம் என் விஷயம். நான் ஊட்டி ரோட்டில் ஒரு நர்சரியில் வேலை பார்க்கிறவள். டூரிஸ்டுகளுக்குச் செடியும் தொட்டியும் விற்கிறவள். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்தார்கள். வார்டு மெம்பர் லிங்கராஜ் அண்ணன் சிமென்ட் தொட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். ஒருத்தி கல்யாணச் சீரில் வந்த ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்தாள். மாதப்பன் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டோடு வந்து, இது தண்ணியில எனக்கு இருக்கிற பழக்கத்தைவிடப் பழசு என்றான். நான் எல்லாவற்றையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்டேன். 'டொக்' என்றால் அரைவேக்காடு, 'டங்' என்று மணி மாதிரி அடித்தால் நன்றாகச் சூளையில் வெந்தது. மெருகு பூசாத அடிப்பாகத்தில் நாக்கு நுனியை வைத்துப் பார்த்தேன். நாக்கு ஒட்டினால் தொட்டி தண்ணீர் குடிக்கிற ஜாதி, குடித்த தண்ணீர் உறைந்தால் தொட்டியின் தோலை உரித்துவிடும்.

"சீ, தொட்டியைப் போய் நக்குறா" என்றாள் ருக்குமணி அக்கா.

"உங்க டீயைக் குடிக்கிற நாக்குக்கு இது அமிர்தம்க்கா" என்றேன்.

சொன்னதோடு விடவில்லை, பரீட்சையும் வைத்தேன். எல்லாவற்றிலும் ஈர மண்ணை நிரப்பி, ருக்குமணி அக்காவின் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ராத்திரிக்கு ஒன்றாக வைத்தோம். குச்சி ஐஸ் எல்லாம் ஒரு வாரம் லிங்கராஜ் அண்ணன் பிள்ளைகளின் வயிற்றில் பத்திரமாக இருந்தது. மண் தொட்டி பொரிந்தது. சிமென்ட் ஓரம் உதிர்ந்தது. பக்கெட் முறுக்கு மாதிரி ஒடிந்தது. ஊறுகாய் ஜாடிதான் எல்லாருக்கும் ஆச்சரியம். தட்டினால் கோயில் மணி, நாக்கும் ஒட்டவில்லை, ஆனாலும் நாலு துண்டாகக் கிடந்தது.

"இது ஏன் புள்ள உடைஞ்சுது? நல்லாத்தானே வெந்திருந்தது?"

"வயிறு பெருசு, வாய் சின்னதுக்கா. உறையுற மண்ணு உப்பும், உப்பினா மேல எழும்பணும். கழுத்து விடலைன்னா வயித்தக் கிழிச்சுட்டு வரும்."

ருக்குமணி அக்கா கொஞ்சம் யோசித்து, "நம்மள மாதிரிதான்" என்றாள்.

கடைசியில் நின்றது நர்சரியில் மூன்று வருஷமாக யாரும் வாங்காத ஒரு பழுப்புத் தொட்டி. அடி குறுகி வாய் விரிந்து, சட்டி போல, மெருகும் இல்லை பூவும் இல்லை, நாய்க்குச் சோறு வைக்கிற தட்டா என்று கேட்டுவிட்டுப் போவார்கள் டூரிஸ்டுகள். நன்றாக வெந்தது, அடியில் இரண்டு துளை, தரையில் ஒட்டாமல் நிற்க மூன்று கால். வேர்மண் ஒரு பிடி சிந்தாமல் ஈரச் சாக்கில் இறுக்கிச் சுற்றி மரத்தை அதற்கு மாற்றினேன். மார்கழி பிறந்து தினமும் பனி கொட்டியது. பழுப்புத் தொட்டி அசையவில்லை. நான் நிம்மதியாக இட்லி அவித்தேன்.

சாண் மரத்தைப் பற்றிச் சேதி பரவாமல் இருக்குமா? பனி பார்க்க வந்தவர்கள் பனிமாளிகைப் புல்வெளியை விட்டுவிட்டு என் பின்கட்டில் வரிசை நின்றார்கள். ஒரு வாரம் பார்த்தார் கோகுல்நாத். எட்டாம் நாள் தாலுகா ஆபீசுக் காகிதத்தோடு வந்தார். மரம் நின்றது அவருடைய பட்டா நிலத்தில், ஆகவே அது எந்த அளவில் எங்கே நின்றாலும் அவருடைய மரம் என்று எழுதியிருந்தது. அளக்க வந்த சர்வேயர் சங்கிலியை மரத்தைச் சுற்றி வைத்துப் பார்த்து, இதற்குப் படிவம் இல்லை என்று வருத்தப்பட்டு, கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

"ஒரு வாரம் டைம் தர்றேன். தொட்டியில வச்சுக்கச் சொன்னவனே நான்தானே. இப்ப என் தொட்டியில வச்சுக்கறேன்" என்றார் கோகுல்நாத், அதே தங்கமான குரலில்.

பஞ்சாயத்து கூடியது. மரத்தை ராவோடு ராவாகக் காட்டுக்குள் கொண்டுபோய் ஒளிக்கலாம் என்றார்கள், கேஸ் போடலாம் என்றார்கள், பொக்லைன் வந்தால் படுத்துக்கொள்ளலாம் என்று மாதப்பன் சொல்ல, நீ தினமும் படுத்துத்தானே கிடக்கிறாய் என்றார்கள். நான் பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னேன்:

"குடுத்துடலாம்."

என் வீட்டுக்காரர் உட்பட எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா பிரமிளா, உன் புள்ளையோட முடிச்சை லாரியில அள்ளிப் போட்டவன்" என்றார் லிங்கராஜ் அண்ணன்.

"அதனாலதாண்ணே குடுக்கலாம்ங்கறேன். அந்த ஆள் மரத்தைக் கொண்டுபோய் எங்க வப்பாரு? எல்லாரும் பாக்கணும்னு புல்வெளி நடுவுல வப்பாரு. புல்வெளி நடுவுல எது இருந்துது?"

பட்டாணி ஒன்று கையிலிருந்து நழுவி உருண்டது. மேட்டில் மரம் நின்ற இடம், ஊற்றின் இடம்.

"மரம் அதோட இடத்துக்குப் போகட்டும். போய் உக்காந்தப்புறம் தொட்டி உடையட்டும். என் வீட்டுல உடைஞ்சா என் வீடு போகும். அங்க உடைஞ்சா நம்ம தண்ணி வரும்."

"அவன் நல்ல தொட்டியா வாங்கிட்டான்னா?" என்றார் மோகன்ராஜ்.

"அவர் வாங்க மாட்டாருங்க. நான் உண்மையையே சொல்லப் போறேன்" என்றேன்.

ருக்குமணி அக்காதான் முதலில் சிரித்தாள். அன்று கூட்டம் முடிந்து போனபோது எல்லாருக்கும் நல்ல பசி.

நான் நினைத்தது போலவே கோகுல்நாத் நர்சரிக்கு வந்தார். அவர் வருவதற்கு முன்னாடி, நீலநிற மெருகு பூசி, தங்கக்கோட்டில் மயில் வரைந்து, நிறைமாதக்காரி மாதிரி வயிறு உப்பி, கழுத்து மட்டும் ஒடுங்கிய ஒரு தொட்டியைத் தேர்ந்தெடுத்தேன். தட்டினால் 'டொக்', மெருகு பூசாத அடியில் வைத்தால் நாக்கு அட்டை மாதிரி ஒட்டும். அதைக் கடையின் பின்பக்கம் வைத்துச் சாக்கால் மூடினேன், மயிலின் ஒரு கண் மட்டும் தெரியும்படி.

"பனி தாங்கணும்னா இதுதான் சார்" என்று பழுப்புத் தொட்டியின் ஜோடியை எடுத்து முன்னால் வைத்தேன். "பாத்தா அழகில்லை. ஆனா நல்லா வெந்தது. வாய் விரிஞ்சிருக்கு, மண்ணு உப்பினாலும் மேல வழி இருக்கு."

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார்.

"அது என்ன?"

"அது வேண்டாம் சார்."

"என்னன்னு கேட்டேன்."

"அது பனி தாங்காது சார். வெடிச்சிடும். ஹாலுக்குள்ள பிளாஸ்டிக் பூ வைக்கத்தான் ஆகும்."

அவரே போய்ச் சாக்கை உருவினார். மயில் முழுசாக வெளியே வந்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதைப் பார்க்க நான் குடத்தோடு ஏறின அத்தனை ஏற்றமும் தகும்.

"நாய்த்தட்டை என் தலையில கட்டிட்டு இதை யாருக்கும்மா பதுக்கி வச்சிருக்க?"

"சார், சத்தியமா சொல்றேன், என் புள்ள மேல ஆணையா சொல்றேன், இந்தத் தொட்டி ஒரு நல்ல பனிக்குத் தாங்காது."

"உங்க ஆளுங்க சத்தியத்தை நான் நிறையப் பாத்துட்டேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. பொய் சொல்லி ஜெயிப்பதில் என்ன ருசி இருக்கிறது?

மரத்தை நானே மாற்றிக் கொடுத்தேன், நானே தினமும் போய்த் தண்ணீர் ஊற்றுவது என்றும் பேச்சு. புல்வெளிக்கு நடுவே, மரம் நின்ற குழியை மூடிய அதே இடத்தில், சலவைக்கல் மேடை கட்டி, அதன் மேல் மயில் தொட்டியை வைத்தார். பக்கத்திலேயே மரத்தை வெட்டினதும் அவர் கட்டின கண்ணாடிச் சாப்பாட்டு ஹால், இனி உள்ளே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டே சாண் மரத்தைப் பார்க்கலாம் என்று. ஊஞ்சல் நூல் அசையாமல் தொங்கியது. தேன்கூட்டில் சத்தமே இல்லை. மரம் காத்துக்கொண்டிருந்தது, எங்களைப் போல.

தை பிறந்து ஐந்தாம் நாள் சாயங்காலம் காற்று நின்றது. வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. எங்கள் அடுப்புப் புகை மேலே ஏறாமல் கூரைக்கு மேல் பாய் விரித்தது போலப் படுத்தது. அப்படிப் படுத்தால் மறுநாள் பனி கனமாக விழும் என்று ஊசிக்குழியில் கைக்குழந்தைக்கும் தெரியும். நான் சேலையில் ஒரு கேரட்டைச் செருகிக்கொண்டு பனிமாளிகைக்குப் போனேன். மயில் தொட்டியைச் சற்றுச் சாய்த்து, அடித்துளையை விரலால் தேடிக் கேரட்டை வைத்துத் திருகி அடைத்தேன். எங்கள் ஊர் மண்ணில் வளர்ந்த ஜாதிக் கேரட், கச்சிதமாக உட்கார்ந்தது. அப்புறம் பம்ப்ஹவுசிலிருந்து இரண்டு வளைவு ஏறிச் சுமந்து வந்த குடத்தை, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தொட்டியில் ஊற்றினேன். போதாததற்குக் கோகுல்நாத்தின் ஆட்களும் புல்லுக்குத் தெளிக்கிற வாக்கில் அதற்கும் தெளித்தார்கள்.

"நல்லா ஊத்தும்மா, பளபளன்னு இருக்கட்டும்" என்றார் கோகுல்நாத் வராந்தாவிலிருந்து.

"ஊத்திட்டேன் சார், கழுத்து வரைக்கும்" என்றேன்.

பழி வாங்குவதென்றாலும் பிள்ளை பெற்றவள் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தோசை தின்ன வந்தவன் ஒருத்தனும் எனக்கு விரோதி இல்லை. அதனால் மறுநாள் விடிகிறபோது, ருக்குமணி அக்கா பனிமாளிகைக் கேட்டுக்கு வெளியே அடுப்பை மூட்டி, சுக்குக் காப்பி இலவசம் என்று தொண்டை கிழியக் கூவினாள். இலவசம் என்றால் கீழ்நாடு மேல்நாடு பேதம் கிடையாது; சமையல்காரர், வாட்ச்மேன் வரை எல்லாரும் கேட்டில் இருந்தார்கள். ஊர் முழுக்கவும் அங்கேதான், குடத்தோடு. இடுப்பில் தர்ஷினியோடு நான்.

வெயிலின் முதல் கீற்று மலையைத் தாண்டி வந்து புல்வெளியைத் தொட்டது. அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. கோகுல்நாத் தன் சொத்தைப் பார்க்க வெள்ளை ஷூவோடு படியிறங்கினார். மயிலின் கழுத்தில் ஒரு கோடு ஓடியது. மயிலின் வயிற்றில் இன்னொரு கோடு. 'டொக்' என்றது தொட்டி, நான் நர்சரியில் கேட்ட அதே சத்தம், ஒரே ஒரு தரம்.

மரம் எழுந்தது. எந்த அவசரமும் இல்லாமல், வெகுநேரம் குந்தியிருந்த மனுஷி முழங்காலில் கையூன்றி எழுகிற மாதிரி எழுந்து, முதுகை நிமிர்த்தி, கையை விரித்தது. விரித்த கையில் ஒன்று கண்ணாடி ஹாலின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கத்தில் வெளியே வந்தது, கண்ணாடியெல்லாம் பனியோடு பனியாகக் கொட்டியது. வேர்கள் சலவைக்கல்லைப் பிளந்து, பழக்கமான வீட்டில் இருட்டில் நடப்பது போலத் தங்கள் பழைய வழிகளில் இறங்கின. தகரம் பெரிசாயிற்று, தபால் பெட்டி பெரிசாயிற்று, தேனீக்கள் நிஜமான சத்தத்தோடு வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போயின. மரத்தடியில் பனி கரைந்து, புல் வட்டமாகப் பச்சைக்குத் திரும்பியது. அந்த வட்டத்தின் தெற்கு ஓரத்தில், வேர் இரண்டு பிரிகிற இடத்தில், முதலில் மண் கருத்தது, அப்புறம் மின்னியது, அப்புறம் தண்ணீர் சாப்பாட்டு ஹாலின் நடுவே தன் பழைய வாய்க்காலைத் தேடிக்கொண்டு, மேஜைகளுக்குக் கீழே, ஓடத் தொடங்கியது.

ஏழரை மணி பஸ் வந்தது. டிரைவர் தகரத்தைப் பார்த்தார், ஹாரன் அடித்தார், கேட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே ஓட்டிவந்து, மரத்தடியில் நிறுத்தினார். மாதப்பன் வெள்ளைப் புல்லைத் தாண்டிப் போய்ப் பச்சை வட்டத்தில் படுத்தான். பெண்கள் வரிசையாகக் குடத்தை இறக்கினார்கள். நான் ஒரு கை தண்ணீர் அள்ளித் தர்ஷினியின் உதட்டில் வைத்தேன், அவள் பல் கூசி என்னைத் திட்டினாள்.

கோகுல்நாத் முழங்கால் வரை ஈரத்தோடு வந்தார். ஷூ எந்த நிறம் என்று சொல்ல முடியவில்லை. முதல் தடவையாக அவர் குரலில் தங்கம் இல்லை. "என்னடி பண்ணின? என் தொட்டியை என்ன பண்ணின?" என்று கத்தினார். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. அத்தனை குடத்துக்கும் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு எனக்கு வந்தது.

"தொட்டிதானே சார்? ஆசையா இருந்தா வேற ஒண்ணு வாங்கிக்குங்க" என்றேன். "இந்தத் தடவையாவது பனி தாங்குறதா பாத்து வாங்குங்க."